தேயிலைப் பெட்டியும் கப்பற் காப்புறுதியும்

மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கொழுந்தில் தொடங்கிக் கோப்பையில் முடிப்பர். கொழுந்து கிள்ளிய கையும், அதனை வாட்டி உருட்டி உலர்த்திய பொறியும், ஏலத்தில் விலை கூறிய வணிகரும் அவ்வரலாற்றில் தத்தமக்குரிய இடத்தைப் பெறுவர். ஆயின் கொழுந்துக்கும் கோப்பைக்கும் இடையே ஒரு நெடுங்கடல் கிடக்கின்றது. ஹட்டனிலோ டிக்கோயாவிலோ ஆணியறைந்து மூடிய ஒரு பெட்டி இலண்டன் பண்டசாலையிற் திறக்கப்படும் வரையில் பல வாரங்கள் கழிந்துவிடும். அவ்வாரங்களில் அப்பெட்டி நனைந்தால், எரிந்தால், களவுபோனால், கப்பலோடு ஆழ்ந்துபோனால், அந்த நட்டம் யாருடையது? பயிரிட்டவருடையதா, வாங்கியவருடையதா, கப்பற்காரருடையதா? இவ்வினாவுக்கு விடை எழுதிய தாளே கப்பற் காப்புறுதிப் பத்திரம்.

கடலிற் செல்லும் பொருளின் இடரை இன்னொருவர் தோளில் ஏற்றும் வழக்கம் மிகப் பழையது. வியன்னா நகரிற் பேணப்பட்டு 1985 இல் அச்சேறிய கிரேக்கப் பப்பைரசு ஏடு ஒன்று இதற்குச் சான்று. கி.பி. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு, சேரநாட்டு முசிறித் துறையோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தை ஒரு பக்கத்திலும், ‘ஹெர்மபொலோன்’ என்னும் கப்பல் கொண்டுசென்ற தந்தம், நறுமணப் பொருள் முதலியவற்றின் மதிப்பை மறுபக்கத்திலும் தாங்கி நிற்கின்றது. அக்காலக் கடற்கடனின் பொதுவிதி எளிமையானது. கப்பல் கரை சேர்ந்தால் முதலும் மிகுந்த வட்டியும் செலுத்தவேண்டும். கப்பல் ஆழ்ந்தாற் கடனும் அதனோடு ஆழ்ந்துவிடும். அந்த மிகுந்த வட்டிக்குள்ளேதான் பிற்காலத்துக் காப்புறுதிக் கட்டுப்பணம் ஒளிந்திருந்தது எனலாம்.

கடனையும் காப்பையும் வேறாகப் பிரித்தவர்கள் இத்தாலிய நகரங்களின் வணிகர்கள். அத்தொழில் பின்னர் இலண்டனில் வேரூன்றியது. 1688 ஆம் ஆண்டளவில் எட்வேட் லொயிட் என்பவர் அந்நகரில் ஒரு கோப்பிக்கடை நடத்தினார். மாலுமிகளும் கப்பற் சொந்தக்காரரும் அங்கே கூடிச் செய்தி பேசினர். ஒரு கப்பலின் இடரில் ‘எனக்கு இவ்வளவு பங்கு’ என்று ஒப்புக்கொண்டவர் பத்திரத்தின் அடியிலே தம் பெயரை எழுதினார். உலகின் பெயர்பெற்ற லொயிட்ஸ் நிறுவனம் அந்தக் கடையிலிருந்து வளர்ந்ததே. தேயிலைக்குக் காவல் தந்த தொழில் ஒரு கோப்பிக்கடையிற் பிறந்தது என்பதை நினைக்குங்கால் முறுவல் தோன்றாதிருப்பதில்லை. மலைநாட்டிலும் கோப்பிக்குப் பின்னரே தேயிலை வந்தது.

லொயிட்ஸ் 1779 இல் வகுத்துக்கொண்ட பத்திர வாசகம், சிற்சில சேர்க்கைகளுடன், 1980 கள் வரையில் வழங்கியது. கடலின் சீற்றம், தீ, பகைவர், கடற்கொள்ளையர், திருடர், கப்பலைக் காக்கும்பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிதல் என அது இடர்களை வரிசைப்படுத்தும். அதன் அடியில், 1749 இல் முதலிற் சேர்ந்த ஒரு குறிப்பும் உண்டு. தானியம், மீன், உப்பு, பழம் போன்ற எளிதிற் கெடும் பொருட்களுக்குப் பகுதி நட்டம் பொதுவாகக் கொடுபடாது. சீனி, புகையிலை, தோல் முதலியவற்றுக்கு நட்டம் நூற்றுக்கு 5 க்குக் குறைந்தாற் கொடுபடாது. ஏனைய பொருட்களுக்கு நூற்றுக்கு 3 க்குக் குறைந்தாற் கொடுபடாது. தேயிலை அக்குறிப்பிற் பெயர் சொல்லப்படாத ‘ஏனைய பொருட்கள்’ கூட்டத்தில் அடங்கிற்று. இந்த 3 என்னும் எண் தோட்டக் கணக்கில் எத்துணை பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பது பின்னர்ப் புலனாகும்.

மலைநாட்டில் முதலிற் செழித்தது கோப்பி. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளிற் பெருந்தோட்டங்கள் பட்டுப்போயின. 1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. ஐந்து கடலிலும் நேரும் இடரைப் பணமாக அளந்து வைத்திருந்த காப்புறுதிப் பத்திரங்கள், செடியிலேயே தோன்றிய இந்த அழிவுக்கு ஒரு சதமும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கவில்லை. கப்பற் காப்புறுதி சரக்குக்கு உரியது; செடி சரக்காகும்வரை அதன் இடர் தோட்டத்தையே சாரும்.

1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873 இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை இலண்டன் சேர்ந்தது. அவ்வளவு சிறிய பொதி கடலில் மறைந்திருந்தால் யாரும் பெரிதாக வருந்தியிரார். 1880 இல் ஏற்றுமதி 80 தொன்னளவுக்கு உயர்ந்தது. 1890 இலோ ஏறக்குறைய 23,000 தொன். இத்தகைய பெருக்கம் ஏற்பட்ட பின்னர், காப்புறுதியின்றித் தேயிலையை அனுப்புவது கூரையின்றி வீடு கட்டுவதை ஒக்கும்.

பெட்டி கப்பலை அடையும் வழியே முதல் இடராக இருந்தது. புகையிரதம் 1867 இல் கண்டியையும், 1884 இல் ஹட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்கு முன்னர் மலைச்சரக்கு முழுவதும் மாட்டுவண்டியில் இறங்கவேண்டியிருந்தது. மழைக்காலத்துச் சேறு, உடைந்த பாலம், வழியிற் குறையும் மூட்டை என வண்டிப் பாதையின் துன்பங்கள் பல. பழைய பத்திரத்தின்படி காப்புறுதி தொடங்குவது சரக்கு கப்பலில் ஏறிய கணத்திலேதான். ஆகவே கடுகண்ணாவைச் சரிவிற் கவிழ்ந்த வண்டிக்கு அதில் இடமில்லை. காலப்போக்கிலேயே ‘பண்டசாலையிலிருந்து பண்டசாலை வரை’ என்னும் நிபந்தனை சேர்ந்தது. பத்திரத்தில் ஹட்டன் தோட்டத்து ஸ்டோர் தொடக்க இடமாகக் குறிக்கப்பட்டிருந்தால் அங்கிருந்தே காப்புத் தொடங்கும். கொழும்பு என்று மட்டும் குறித்திருந்தால் மலையிலிருந்து இறங்கும் வழி காப்புக்குப் புறம்பே நிற்கும். ஓர் ஊர்ப்பெயரை எழுதுவதிலும் எழுதாமல் விடுவதிலும் இத்துணை பொருள் அடங்கியிருந்தது.

கொழும்புத் துறையும் அன்று இன்றைய துறையன்று. தென்மேற்குப் பருவக்காற்றை மறிக்கச் சுவர் இல்லாத திறந்த கடலில் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. சரக்கைப் படகுகளில் ஏற்றி அலைகளின் மேலே கொண்டுசேர்த்தனர். காலித் துறையும் பாறைகள் நிறைந்தது. 1871 இல் பீ. அன்ட் ஓ. கொம்பனியின் ‘றங்கூன்’ கப்பல் காலியை விட்டுப் புறப்பட்டபோதே பாறையில் மோதி மூழ்கியது. 1875 இல் தொடங்கிய கொழும்பு அலைதடுப்புச் சுவர் அடுத்த பத்தாண்டில் நிறைவேறியதும் பெருங்கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்பை நாடின. அதன் பின்னருங்கூட நெடுங்காலம் படகின் வழியாகவே சரக்கு கப்பலேறிற்று. எனவே ஒவ்வொரு படகின் சுமையையும் தனித்தனிக் காப்புறுதியாகக் கொள்க என்றொரு வாசகமும் பத்திரங்களில் இடம்பெற்றது.

தேயிலை மென்மையான சரக்கு. உலர்த்திய இலை தன்னைச் சூழ்ந்த ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. அதனாலேயே மரப்பெட்டியின் உட்புறம் ஈயத்தகடு பொருத்தி ஒட்டினார்கள். பிற்காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டியும் அலுமினியத் தாளும் வந்தன. கப்பல் வெப்பக் கடலிலிருந்து குளிர்க் கடலுக்குள் நுழையும்போது சரக்கறையின் இரும்புச் சுவர் வியர்த்து நீர்த்துளி சொட்டும். கொப்பறா, தோல், கறுவா எண்ணெய் போன்றவை அருகிருந்தால் அவற்றின் வாடை தேயிலையிற் படியும். பெட்டி உடையாது, எடை குறையாது, நிறமும் மாறாது. ஆயினும் சுவைபார்ப்போரின் நாவில் அந்தத் தேயிலை செத்ததாகிவிடும்.

இங்கேதான் மேலே கூறிய 3 வந்து நிற்கின்றது. நூறு பெட்டிகளை ஒரே சரக்காகக் காப்புறுதி செய்திருந்து அவற்றில் இரண்டு நனைந்தால் நட்டம் நூற்றுக்கு 2 மட்டுமே, நட்டஈடு இல்லை. அதே நூறு பெட்டிகளையும் இலக்கவரிசைப்படி பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் தனிக் காப்புறுதி என்று எழுதியிருந்தால், ஒரு தொகுதியில் இரண்டு பெட்டி நனைந்தது அத்தொகுதியில் நூற்றுக்கு 20 நட்டம்; பணம் கிடைக்கும். பெட்டிகளின் மேல் தோட்டத்தின் பெயரோடு வரிசை இலக்கமும் தீட்டப்பட்டது இரயிலடியிலும் ஏலத்திலும் இனங்காண்பதற்கு மட்டுமன்று, இந்தக் கணக்குக்கும் அது உதவிற்று. ஸ்டோரில் மைத்தூரிகையோடு நின்று இலக்கம் தீட்டிய தொழிலாளிக்கு இதனை யாரும் விளக்கியிருப்பார்கள் என்று எண்ண இடமில்லை.

சேதத்தை அளந்து சான்று தருவதற்கு ஒவ்வொரு பெருந்துறையிலும் லொயிட்ஸ் தன் முகவரை வைத்திருந்தது. இலங்கையில் 1876 தொடக்கம் எயிற்கின் ஸ்பென்ஸ் கொம்பனி அப்பணியை ஏற்று நடத்தி வந்துள்ளது. பெட்டி நனைந்தது கடல்நீரிலா மழைநீரிலா, வாடை பிடித்தது கப்பலிலா ஸ்டோரிலா என்பவற்றைச் சோதித்து எழுதும் அறிக்கையே நட்டஈட்டின் உயிர்நாடி. பழுதான ஈயத்தகடோ, உலராத பச்சை மரமோ காரணமென்று கண்டாற் காப்புறுதியாளர் கைவிரித்துவிடுவர்.

தோட்டத்துரை ஒவ்வொரு கப்பலுக்கும் தாமே பத்திரம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. கொழும்புக் கோட்டைப் பகுதியிலிருந்த முகவர் கொம்பனிகளே தோட்டங்களின் கடிதம், காசு, அரிசி, உரம் அனைத்தையும் கவனித்தன. காப்புறுதியும் அவற்றின் கையிலேயே இருந்தது. ஆண்டு முழுவதற்கும் பொதுவான திறந்த காப்புறுதி ஒன்றைச் செய்துகொண்டு, சரக்குக் கப்பலேறுந்தோறும் கப்பலின் பெயரையும் பெட்டித் தொகையையும் மதிப்பையும் அறிவித்தாற் போதும். கப்பற் கொம்பனி தந்த சரக்குச் சீட்டு, காப்புறுதிப் பத்திரம், உண்டியல் ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டினால், தேயிலை கடலில் இருக்கும்போதே வங்கி பணம் கொடுக்கும். காப்புறுதி இல்லாத சரக்குக்கு வங்கி கடன் கொடாது. எனவே அடுத்த மாதத்துத் தோட்டச் செலவுகளும் ஓரளவுக்கு இந்தத் தாளையே பற்றி நின்றன.

1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியமை இடரின் இருப்பிடத்தையும் மாற்றியது. இலண்டன் ஏலத்துக்கென அனுப்பிய தேயிலை விற்கும்வரை தோட்டத்துக்கே சொந்தம். கடலின் இடரும் தோட்டத்துக்கே. கொழும்பில் விற்ற தேயிலையோ சம்மட்டி விழுந்தபின் வாங்கியவரைச் சாரத் தொடங்கும். அவர் அதனை மேல்நாட்டுக்கு ‘எவ்.ஓ.பி.’ முறையில் விற்றால், கப்பலேறியபின் வரும் இடரும் காப்புறுதியும் அந்நாட்டு வாங்குநருக்கு உரியன, ‘சீ.ஐ.எவ்.’ முறையில் விற்றாற் காப்புறுதி செய்து கொடுப்பது இங்குள்ள ஏற்றுமதியாளரின் கடமை. இன்றுள்ள அனைத்துலக விதிப்படி அவர் விலைக்கு மேல் நூற்றுக்கு 10 கூட்டி, 110 க்குக் காப்புச் செய்தல் வேண்டும்.

இவ்வாறு பெட்டியின் இடரைப் பலர் பகிர்ந்துகொண்ட அதே காலத்தில், அப்பெட்டியை நிரப்பிய மக்களும் கடல் கடந்தே வந்தனர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும், பாம்பன் பகுதியிலிருந்து மன்னாருக்கும், 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கும் அவர்கள் வந்தனர். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த காட்டுப்பாதையில் வாந்திபேதியாற் பலர் மடிந்தனர். அப்பயணத்தின் இடரை ஏற்க எவரும் பத்திரத்தின் அடியிற் பெயர் எழுதவில்லை. மாறாக, கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரிலேயே கடனாகப் பதிந்தன. அக்கடன் தொகையைக் காட்டிய ‘துண்டு’ என்னும் சீட்டு, அவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றும் விலைச்சீட்டாகவும் பயன்பட்டது. தேயிலையோடு சென்ற தாள் நட்டத்தைச் சொந்தக்காரரிடமிருந்து எடுத்துப் பலர்மீது பரப்பிற்று. தொழிலாளியோடு சென்ற தாள் செலவைப் பலரிடமிருந்து எடுத்து அவர் ஒருவர்மீதே சுமத்திற்று. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. வேலையில் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் முதலாளி நட்டஈடு செலுத்தவேண்டுமென்ற தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 இல் வந்தது. முதலாவது ஏற்றுமதிப் பொதி காலத்திலிருந்து எண்ணினால் இடையே 61 ஆண்டுகள்.

போர்க்காலங்களே காப்புறுதியின் எல்லையை வெளிப்படுத்தின. 1898 இலிருந்து லொயிட்ஸ் பத்திரங்கள் கைப்பற்றுதல், பறிமுதல் ஆகிய போர் இடர்களை வழக்கமாகவே விலக்கி வைத்தன. வேண்டுவோர் தனிக் கட்டுப்பணம் செலுத்தவேண்டும். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அக்கட்டுப்பணம் வணிகரால் தாங்கொணாததாயிற்று. பிரித்தானிய அரசு தானே போர் இடர்க் காப்புறுதி அலுவலகம் ஒன்றைத் திறந்து, முதலில் நூறு பவுணுக்கு 5 கினி என விகிதம் விதித்தது. அந்த வாரத்திலேயே, ஆகஸ்ட் 6 ஆந் திகதி, தேயிலையோடு இலண்டன் நோக்கிச் சென்ற ‘சிற்றி ஒவ் வின்செஸ்டர்’ என்னும் கப்பலை ஜேர்மன் போர்க்கப்பல் ‘கேனிக்ஸ்பேர்க்’ அராபியக் கரையருகே பிடித்தது. செப்டெம்பரில் ‘எம்டன்’ சென்னையைச் சுட்டுவிட்டு, கொழும்புக்கும் மினிக்கோய்க்கும் இடைப்பட்ட கடலில் வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிடித்தது. நவம்பர் 9 ஆந் திகதி கொக்கோஸ் தீவருகே ‘சிட்னி’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பல் அதனை ஒழித்தது. அப்பெயர் மட்டும் ஒழியவில்லை. எவருக்கும் பிடிகொடாத சூரனை ‘எம்டன்’ என்று அழைக்கும் வழக்கு தமிழ்ப் பேச்சில் நிலைத்துவிட்டது. 1917 பெப்ருவரியில் ‘வுல்வ்’ என்னும் ஜேர்மன் கப்பல் கொழும்புக்கு அப்பால் விதைத்துச் சென்ற கண்ணிகளில் ‘வூஸ்ரசயர்’, ‘பெர்சியஸ்’ ஆகிய இரு கப்பல்கள் சில நாள் இடைவெளியில் மூழ்கின. மலைத்தேயிலையின் வாசலிலேயே கண்ணி கிடந்தது.

அடுத்த போருக்கு முன், 1937 இல், இலண்டன் காப்புறுதியாளர் ஓர் உடன்பாடு செய்தனர். சரக்கு நீரின்மேல் இருக்கும்போது மட்டுமே போர் இடருக்குக் காப்பு, கரையில் இல்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் நகரங்கள் குண்டுக்கிரையானதைக் கண்டு எழுந்த அச்சம் அதற்குக் காரணம். 1942 ஏப்ரல் 5 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அந்த விதியின்படி, துறைமுகப் பண்டசாலையிற் கிடந்த பெட்டிக்கும் கப்பலில் ஏறிவிட்ட பெட்டிக்கும் வேறு வேறு நியாயம் இருந்தது.

விடுதலைக்குப் பின்னருங்கூடக் கப்பற் காப்புறுதி பெரும்பாலும் அந்நியக் கொம்பனிகளிடமும் அவற்றின் முகவர்களிடமும் இருந்தது. தேயிலை ஈட்டிய அந்நியச் செலாவணியில் ஒரு பங்கு கட்டுப்பணமாகத் திரும்பிச் சென்றது. டீ. பீ. இலங்கரத்ன வணிக அமைச்சராயிருந்த காலத்தில் 1961 ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 1962 இல் ஆயுட் காப்புறுதியும், 1964 சனவரி 1 இலிருந்து கப்பற் காப்புறுதி உள்ளிட்ட பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமையாயின. பெரிய இடர்களில் ஒரு பகுதியை மீள்காப்புறுதி வாயிலாக வெளிநாட்டுச் சந்தைக்குக் கொடுக்கவே நேர்ந்ததாயினும், முதற் பத்திரம் கொழும்பில் எழுதப்பட்டது. 1980 களில் அத்தனியுரிமை நீங்கித் தனியார் கொம்பனிகள் மீண்டும் வந்தன. இலண்டன் தேயிலை ஏலமோ 1998 சூன் 29 உடன் முடிவுற்றது. தோட்டமே கடலின் இடரைத் தாங்கிய பழைய முறையும் அதனோடு மறைந்தது.

மரப்பெட்டி போய்க் காகிதச் சாக்கும் இரும்புக் கொள்கலனும் வந்துவிட்டன. 1982 இல் பழைய பத்திர வாசகத்தின் இடத்தில் ‘ஏ’, ‘பீ’, ‘சீ’ என்னும் மூன்று நிபந்தனைத் தொகுதிகள் நடைமுறைக்கு வந்தன. ‘சீ’ மிகக் குறைந்த காப்பு. கடல்நீர் உட்புகுந்து தேயிலை நனைந்தாலும் அதிற் பணம் கிடையாது. மலிவைக் கருதி அதனைத் தெரிவு செய்வோர் இதனை அறிந்தே செய்தல் நன்று. கொள்கலனும் வியர்க்கின்றது; பழைய சரக்கறையில் நிகழ்ந்தது இன்று இரும்புப் பெட்டியினுள்ளே நிகழ்வதால், ஈரமுறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகின்றனர்.

2001 சூலை 24 ஆந் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும், இலண்டன் காப்புறுதியாளர் இலங்கைக்கு வரும் கப்பல்களுக்குப் போர் இடர்க் கட்டுப்பணத்தைத் திடீரென உயர்த்தினர். தாக்கப்பட்டது விமான நிலையம். சுமை விழுந்தது கொழும்புத் துறைமுகத்தின் மீதும். 2021 மார்ச்சில் சுயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ தரைதட்டியபோது இன்னொரு பழைய விதி விழித்துக்கொண்டது. கப்பலை மீட்கச் செய்த செலவை, பழுதின்றித் தப்பிய சரக்கின் சொந்தக்காரரும் தத்தம் மதிப்புக்கேற்பப் பகிரவேண்டும். உரோமர் தம் சட்டத்தொகுப்பில் ரோட்ஸ் தீவின் பெயரால் எழுதிவைத்த நியாயம் அது. காப்புறுதி செய்தவர்க்குக் காப்புறுதியாளர் பிணை கொடுத்தார். செய்யாதவர் பணம் கட்டியே தம் சரக்கை மீட்கவேண்டியிருந்தது.

2023 நவம்பர் முதல் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. 1869 இற் சுயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்னர்ப் பாய்க்கப்பல்கள் சென்ற பாதை அது. நாட்கள் கூடின, கப்பற் கூலி உயர்ந்தது, போர் இடர்க் கட்டுப்பணமும் உயர்ந்தது. ஆயினும் எல்லா இடருக்கும் பொறுப்பேற்கும் ‘ஏ’ நிபந்தனையிலுங்கூட, தாமதத்தால் வரும் நட்டத்துக்கு இடமில்லை என்ற வாசகம் ஒன்று நிற்கின்றது. நுவரெலியாவின் குளிர்காலத்துத் தேயிலைக்கு மணமே விலை. அம்மணம் கொள்கலனுக்குள் நாளுக்கு நாள் தேய்கின்றது. மேலதிகமாகக் கடலிற் கழிந்த அந்த நாட்களின் கணக்கு ஏற்றுமதியாளரின் ஏட்டிலும், அவர் அடுத்த ஏலத்திற் கூறும் விலையிலும் சென்று சேர்கின்றது.